ஹல்லில் ஹேட்ச் வைக்க உதவி தேவை (அவசரம்)

அலைவாய்: வணக்கம். என் கேட்டமரானில் (இரட்டை உடல் பாய்மரப் படகு) இரண்டு ஹல்லிலும் (மிதக்கும் உடல்) ஹேட்ச் (மூடி போட்ட திறப்பு) வைக்கப் போகிறேன். தண்ணீர் பாட்டில், கயிறு எல்லாவற்றையும் டிராம்போலின் (இரண்டு ஹல்லுக்கும் நடுவில் விரித்த துணி) மேல் கட்டினால் அலை அடித்துக்கொண்டு போகிறது. ஹேட்ச், ஹோல்சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) இரண்டும் வாங்கியாச்சு. எங்கே வெட்டுவது, எதைப் போட்டு ஒட்டுவது? சனிக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

சுக்கான்: என்ன படகு? ஃபைபரா, பிளாஸ்டிக்கா? ஹேட்ச் எத்தனை இன்ச்?

தெற்குக்காற்று: தாராளமாக சிலிக்கான் போடுங்கள். ஒரு சொட்டு இறங்காது.

பழைய_மாலுமி: படகின் பெயரையே சொல்லாமல் உதவி கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? இங்கே பல தடவை பேசியாயிற்று, தேடிப் படிக்கலாம். முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள் தம்பி: ஹல் சாமான் வைக்கும் அலமாரி அல்ல, உங்களை மிதக்க வைப்பதே அதற்குள் இருக்கும் காற்றுதான். கவிழ்ந்து கிடக்கும்போது ஹேட்ச் ஒழுகினால் படகை நிமிர்த்தவே முடியாது.

அலைவாய்: ஹோபி கம்பெனி படகு. பழையது. ஹேட்ச் 5 இன்ச்.

சுக்கான்: ஹோபியில் எந்த மாடல்? 16 என்றால் ஃபைபர், நடுவில் ஃபோம். வேவ் என்றால் பாலிஎதிலின், அதில் எப்பாக்சி பசையோ சிலிக்கானோ சரியாகப் பிடிக்காது. பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும்.

அலைவாய்: 16.

சுக்கான்: சரி, அப்படியென்றால் வெட்டுவதற்கு முன் டெக்கை (ஹல்லின் மேல்தளம்) கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் நல்ல டெக். ‘பொத் பொத்’ என்றால் மேல் ஃபைபர் ஃபோமை விட்டுப் பிரிந்துவிட்டது, அங்கே கை வைக்காதீர்கள்.

முன் பைலனுக்கு (சட்டத்தைத் தாங்கும் கால்) பின்னால், அதை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டலாம். பாரம் நடுவில் இருக்கும். 16-க்கு மூக்கு மெலிசு, முன்னால் கனம் ஏறினால் மூக்கு குத்திக் கவிழும். டிராம்போலின் சட்டத்தைக் கழற்றிவிட்டு வெட்டுவது சௌகரியம். மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹோல்சாவை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டு ஜெல்கோட்டை (ஃபைபரின் மேல்பூச்சு) கீறிக்கொள்ளுங்கள், பெயராது. வெட்டின விளிம்பில் ஃபோமை ஒரு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டு, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியால் அடையுங்கள். இதை விட்டால் போல்ட்டு முடுக்கும்போது ஃபோம் நசுங்கும், தண்ணீரும் ஊறும். ஹேட்ச்சுக்குள் துணிப்பை தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் மூக்குவரை உருண்டு போய்விடும்.

தெற்குக்காற்று: இவ்வளவு எதற்கு? சிலிக்கானே போதும் என்கிறேன்.

பழைய_மாலுமி: சிலிக்கான் போட்ட இடத்தில் பிறகு ஜெல்கோட்டும் பிடிக்காது, எப்பாக்சியும் பிடிக்காது. அடுத்து ரிப்பேர் செய்கிறவன் தலையில்தான் விடியும்.

தெற்குக்காற்று: சுரண்டி, மணல்தாள் போட்டால் போய்விடும் சார். நான் செய்திருக்கிறேன்.

பழைய_மாலுமி: மணல்தாள் அதை இன்னும் தேய்த்துப் பரப்பும். சிக்காஃப்ளெக்ஸ் 291 (படகுக்கான சீலண்ட்) போடச் சொல்லுங்கள்.

கரைவலை: சண்டை இருக்கட்டும். முடித்தபின் சோப்புத் தண்ணீர் பூசி, டிரெயின் பிளக் (தண்ணீர் வடிக்கும் துளை) வழியாக வாயால் ஊதிப் பாருங்கள், முட்டை (குமிழி) வந்தால் ஒழுகல். கம்ப்ரசர் வேண்டாம், ஹல் பிளந்துவிடும். ஹல்லில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். ஊதும்போது அதன்மேல் டேப் ஒட்டி, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக அடைத்தால் வெயிலில் காற்று விரிந்து ஃபைபரைப் பிரித்துவிடும்.

தெற்குக்காற்று: 291-ம் காலப்போக்கில் விடத்தான் செய்யும்.

அலைவாய்: இடது ஹல் ‘பொத் பொத்’. வலதில் மட்டும் வைத்தேன், முட்டை வரவில்லை. சுக்கான் அண்ணா, நன்றி.