சிறகவரை பூக்கவே இல்லை, பிடுங்கிவிடலாமா?

கொருக்குப்பேட்டை மாடி:
வணக்கம். சித்திரையில் சிறகவரை விதை போட்டேன். கொடி மாடிக் கம்பியெல்லாம் சுற்றி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டது. ஆவணி பிறந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. வாரா வாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் இந்தக் காயைச் சாப்பிட்டதில்லை. அம்மா, பிடுங்கிவிட்டுப் புடலை போடச் சொல்கிறார். காத்திருக்கலாமா? காய்த்தால் எப்படிச் சமைப்பது?

மாதவரம் தோட்டக்காரர்:
பிடுங்காதீர்கள். பகல் பொழுது குறைந்தால்தான் இது பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். அக்டோபரில் 12-க்குக் கீழே இறங்கும். ஐப்பசியில் மொட்டுகளைத் தேடுங்கள். புண்ணாக்கை நிறுத்திவிடுங்கள். அவரை இனம், வேர் முடிச்சு வழியாகக் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அது கூடினால் இலைதான் மண்டும். மழைக்கு முன் பந்தலை இறுக்கிக் கட்டுங்கள்.

வியாசர்பாடி அக்கா:
இந்தக் காயைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன் தம்பி! எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1964-ல் கப்பலேறி வந்த குடும்பம். பர்மாவில் இது சாதாரண வீட்டுக்காய்.

பூத்து இரண்டு மூன்று வாரத்தில் பறிக்கலாம். காய் விரல் நீளம் தாண்டியதும் தினமும் மாடியேறிப் பாருங்கள். வளைத்தால் டக்கென்று முறிய வேண்டும். நார் இழுத்தால் விதைக்கு விட்டுவிடுங்கள். நாலு பக்கமும் சுருக்கு வைத்த ஓரம் இருக்கும். அந்த மடிப்பில்தான் அசுவினிப் பூச்சி ஒளிந்திருக்கும், விரலால் தேய்த்து அலசுங்கள். குறுக்கே மெல்லிசாக அரிந்தால் ஒவ்வொரு துண்டும் நட்சத்திரம் மாதிரி விழும்.

முதல் தடவை பொரியல் செய்யாதீர்கள். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, இரண்டே நிமிடத்தில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்குப் போடும் அதே பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், பொட்டுக்கடலை மாவு, வறுத்துப் பொடித்த சென்னாக்கூனி (பொடி இறால் கருவாடு), கொஞ்சம் எலுமிச்சை. கையாலேயே பிசறுங்கள். சைவம் என்றால் சென்னாக்கூனிக்குப் பதில் வேர்க்கடலைப் பொடி. மூடி போட்டு வேக வைத்தால் அந்த நறுக்கென்ற கடி போய்விடும், அது போனால் இந்தக் காயில் அப்புறம் என்ன இருக்கிறது?

கொழுந்தையும் பூவையும் வதக்கிச் சாப்பிடலாம். கொடி காய்ந்ததும் மண்ணைக் கிளறிக் கிழங்கு இருக்கிறதா பாருங்கள். பர்மாவில் அதை அவித்து, எண்ணெயும் உப்பும் தொட்டுத் தின்பார்கள். தொட்டியில் சின்னதாகத்தான் விழும், ஆனாலும் விடாதீர்கள். கிழங்கும் முற்றிய விதையும் நன்றாக வெந்தால்தான் சாப்பிடணும்.

கொருக்குப்பேட்டை மாடி:
நன்றி அக்கா. அம்மாவிடம் கார்த்திகை வரைக்கும் தவணை வாங்கிவிட்டேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் போடலாமா?

வியாசர்பாடி அக்கா:
தாராளமாக. கத்தரிக்காயோடு சேர்த்துப் போடாதீர்கள், குழைந்துவிடும். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். முற்றிய விதை எனக்கும் நாலு எடுத்து வையுங்கள், ஆடியில் போடுகிறேன். தோல் கெட்டி என்பதால் ராத்திரியே ஊற வைக்கணும்.