ஜன்னல் சில் கல்லுக்கு அடியில் மழைத்தண்ணீர் திரும்பி சுவருக்கு வருகிறது

கேள்வி:
பழைய வீடு, கட்டி 60 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சில் (sill) கல்லில் விழுகிற தண்ணீர் விளிம்பில் சொட்டாமல், கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஓடி சுவரில் இறங்குகிறது. உள்ளே ஓதம் ஏறி பூச்சு உப்பி உதிர்கிறது. கல்லும் சுவரும் சேரும் இடத்தில் இரண்டு முறை சிலிக்கான் அடித்தேன், அடுத்த மழையிலேயே பழைய கதைதான். கல்லையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

பதில் 1:
தயவுசெய்து கல்லை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் கல்லின் அடியில், முன் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உள்ளே, விரலால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், வெட்டியிருப்பார்கள். அடியில் ஒட்டி வரும் தண்ணீர் அந்தக் காடிக்குள் மேலே ஏற முடியாமல் அங்கேயே சொட்டிவிடும், அதற்காகத்தான் அது. ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து, கடைசியில் காடி இருந்த இடமே தெரியாமல் போய்விடும். என் வீட்டில் நான்கு ஜன்னலில் மூன்றுக்கு, பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்ததோடு வேலை முடிந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் ஈரமாக்கிச் சுரண்டுங்கள், மாஸ்க் போடாமல் செய்யவே வேண்டாம்.

பதில் 2:
காடியே இல்லையென்றால் கிரைண்டரில் டயமண்ட் பிளேடு போட்டு வெட்டலாம், 10 மி.மீ. அகலம், 6 முதல் 8 மி.மீ. ஆழம் போதும். இரு முனையிலும் சுவர் வரை கொண்டுபோகாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் காடி வழியாகவே தண்ணீர் சுவருக்குப் போகும். கல் மெலிந்தோ விரிசல் விட்டோ இருந்தால் பிளேடு வைக்காதீர்கள், உடைந்துவிடும். அப்போது விளிம்பை ஒட்டி அடியில் ஓர் அலுமினிய எல் ஆங்கிளை, ஒரு பக்கம் 1 செ.மீ. கீழே தொங்குகிற மாதிரி, பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து ஒட்டுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பிடிக்கும்.

பதில் 3:
அதற்கெல்லாம் முன்னால் ரசமட்டம் வைத்து வாட்டம் (கல்லின் சரிவு) பாருங்கள். கல் உள்பக்கம் சாய்ந்திருந்தால் காடி வெட்டியும் பிரயோஜனம் இல்லை, ஜன்னல் சட்டத்துக்கு அடியில் தண்ணீர் நின்று உள்ளே போகும். மேலே வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துப் பூசத்தான் வேண்டும். அப்புறம், கல் சுவரைத் தாண்டி நான்கைந்து செ.மீ.யாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். காடி இருக்கிறது! முழுக்கப் பெயின்டும் புட்டியும். வாட்டமும் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு ஜன்னலுக்குச் சுரண்டி முடித்துவிட்டு ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்த்தேன், விளிம்புக்குப் பக்கத்திலேயே சொட்டுகிறது, சுவர் நனையவில்லை. இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன், மிக்க நன்றி. உள்பக்கம் இப்போதே பூசிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். உதிர்கிற பூச்சை மட்டும் தட்டி எடுத்துவிட்டு சுவரை அப்படியே காயவிடுங்கள், சில மாதம்கூட ஆகலாம். பழைய பூச்சு சுண்ணாம்பு என்றால் மறுபடி சுண்ணாம்பிலேயே பூசுங்கள், சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.