ஹக்கிள்பெரி ஃபின்னை ஒகேனக்கலுக்குக் கொண்டுவந்தால்?

தகடூரான்:
மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை (1884) இன்றைய தருமபுரிக்கு மாற்றி எழுத முயற்சி. மூலத்தில் ஹக் என்ற பையனும் ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறார்கள். ஓடிவந்த அடிமை ஜிம், இங்கே கல்குவாரியிலிருந்து தப்பிய கொத்தடிமை. ஊத்தங்கரைக்காரர். தெப்பத்துக்குப் பதில் பரிசல். நாலு அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. எங்கே பிசகு? காப்புரிமைத் தொல்லை வருமா?

ஓசூர் வாசகி:
பரிசலில்தான் பிசகு. வட்டமாகச் சுழல்கிற பரிசலில் இரண்டு பேர் படுத்துத் தூங்கிப் பல நாள் போக முடியாது. ஒகேனக்கலில் மேலே அருவி, கீழே மேட்டூர் நீர்த்தேக்கம். தென்பெண்ணையும் உதவாது: கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று வரிசையாக அணை.

மூலத்தில் ஆறு வெறும் காட்சி இல்லை. கெய்ரோவில் (எகிப்து அல்ல, அமெரிக்காவில் அந்த ஆற்றங்கரை ஊர்) இறங்கி ஒஹையோ ஆற்றின் வழியே போனால் ஜிம்முக்கு விடுதலை. பனிமூட்டத்தில் (15ஆம் அத்தியாயம்) அந்த ஊர் தவறிவிடுகிறது. அதன்பின் ஆறு அவனை அடிமைமுறை கெட்டியாக இருக்கும் தெற்குக்கே இழுத்துப் போகிறது. உங்களுக்கு வேண்டியது அப்படி இழுக்கிற ஒன்று. பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலை இருக்கிறதே! ஓசூரில் கோஸ் லோடு லாரி, தார்ப்பாய்க்கு அடியில் இருவர். கிருஷ்ணகிரியில் இறங்கினால் ஊத்தங்கரை ரோடு. பனியில் அது தவறினால் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம், அதாவது முன்பணம் கொடுத்த மேஸ்திரியின் ஊர்.

பாலக்கோட்டார்:
நல்ல யோசனைங்க. மாம்பழ லோடு மட்டும் போட்டுவிடாதீர்கள், பனி மார்கழியில், மாம்பழம் சித்திரைக்கு மேல். இன்னொன்று, ஓசூரிலிருந்து சேலம் ஒரே ராத்திரிப் பயணம். நட்பு முற்ற அது போதாது. ஆக்சில் உடைந்து இரண்டு நாள் பட்டறையில் கிடக்கட்டும், பிறகு வேறு லாரி மாறட்டும்.

பையனின் மனசாட்சியையும் மாற்ற வேண்டும். ஜிம்முக்கு உதவுவது பாவம் என்றே ஹக் நம்புகிறான். 31ஆம் அத்தியாயத்தில் நரகத்துக்குப் போனாலும் சரி என்று, ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை அவன் கிழிப்பது அதனால்தான். முதல் பக்கத்திலிருந்தே நியாயம் பேசுகிற பையனை வைத்தால் கதை செத்துவிடும். 'முன்பணம் வாங்கிவிட்டு ஓடுவது துரோகம், உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவனாக இருக்கட்டும்.

ஓசூர் வாசகி:
முடிவும் மூலத்திலேயே கிடைக்கிறது. ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஆட்டம்போடும் கடைசி அத்தியாயங்கள் பலருக்கும் பிடிக்காது. ஆனால் ஜிம்மை எஜமானி உயிலில் ஏற்கெனவே விடுவித்திருந்தாள் என்ற திருப்பம் இங்கே தானாகப் பொருந்தும்: 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வரிவடிவம்:
காப்புரிமை: ட்வைன் இறந்தது 1910. இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு. ஆக மூலம் பொதுச்சொத்து. அதே கதையை ஜிம் சொல்வதாக எழுதிய பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' நாவல் (2024, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு) அப்படியில்லை. அதில் அடிமைகள் வெள்ளையர் முன்னால் மட்டும் கொச்சையாகப் பேசி நடிப்பார்கள். அந்தக் காட்சிகளை எடுக்காதீர்கள். அவசியமும் இல்லை, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, முதலாளியிடம் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தகடூரான்:
நன்றி. ஆனால் பையனிடம் செல்போன் இருந்தால் கிருஷ்ணகிரி எப்படித் தவறும்?

பாலக்கோட்டார்:
1990க்குத் தள்ளிவிடுங்கள். சட்டம் அப்போதும் இருந்தது, செல்போன் இல்லை.