ஃபெனிட்டோயின் சிமுலேஷன்: போனில் ஸ்லைடர் அசையவில்லை, வழி சொல்லுங்கள்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஃபார்ம் ஆறாம் செமஸ்டருக்கு பார்மகோகைனடிக்ஸ் (மருந்து உடலில் சேர்ந்து வெளியேறும் விதம்) எடுக்கிறேன். ஃபெனிட்டோயின் என்ற வலிப்பு மருந்து உடலில் எப்படிச் சேர்கிறது என்று காட்ட எக்செல் 2016-இல் ஒரு சிமுலேஷன் செய்தேன். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. மாணவர்களின் ஆண்ட்ராய்டு போனில் வரைபடம் தெரிகிறது, டோஸை மாற்றும் ஸ்க்ரோல் பார் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது.

அந்த ஸ்லைடர்தான் பாடமே. எடை 60 கிலோ, விமேக்ஸ் (மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் உச்ச வேகம்) நாளுக்கு 420 மி.கி., கேஎம் (அந்த நொதி பாதி வேகத்தில் இயங்கும்போது ரத்தத்தில் இருக்கும் மருந்தளவு) லிட்டருக்கு 4 மி.கி. என்று வைத்திருக்கிறேன். தினம் 300 மி.கி. கொடுத்தால் ரத்தத்தில் லிட்டருக்கு 10 மி.கி.யில் நிற்கும். 350 கொடுத்தால் 20. 400 கொடுத்தால் 60 நாள் கழித்தும் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசியில் 80! சிகிச்சைக்கு வேண்டியது 10 முதல் 20 வரைதான். கல்லீரல் நொதி நிரம்பினால் என்ன ஆகும் என்பது, தன் விரலால் தள்ளி அந்தக் கோடு எகிறுவதைப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

இரண்டு வாரமாக முயல்கிறேன். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினேன், ஸ்க்ரோல் பார் காணாமல் போனது. டிராப்டவுன் வைத்தேன், வேலை செய்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கும் உணர்வு இல்லை. ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலியில் 60 நாளையும் மணிக்கொரு புள்ளியாகக் கணக்கிட்டால் போன் திணறுகிறது. அப்புறம், வகுப்பறையில் வைஃபை கிடையாது.

எனக்குக் கோடிங் தெரியாது. சாதாரண போனில், இணையம் இல்லாமல், ஸ்லைடரோடு ஓடும்படி இதை இலவசமாக எதில் செய்யலாம்?