படிக்கப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா? எங்கள் அனுபவங்கள்

தறிவீட்டுக்காரி:
பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள். 37 வயதில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்புதான் வேலையில்லாதோர் உதவித்தொகை வர ஆரம்பித்திருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்கு, மூன்று வருடம் வரை தருவது. பத்தாவது பாஸ் என்றால் மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கில் விழும்.

400 ரூபாய்க்கா இத்தனை கவலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டினால் இந்தத் தொகையே கிடையாது. அந்த வருமானத்தில் ஓடும் வீட்டுக்குத்தான் 1200 ரூபாயின் அருமை தெரியும். என் பரீட்சை ஃபீஸ் அதிலிருந்துதான் போகிறது.

வருடா வருடம் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கப் போன இடத்தில், "படிக்கிறீங்களா? அப்போ கட்டாயிடும்மா" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வயிறு கலங்கிவிட்டது. நிபந்தனையை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள் சார் என்றேன். தினமும் கல்வி நிலையத்துக்குப் போய்ப் படிப்பவராக இருக்கக் கூடாது, தொலைதூரக் கல்விக்கு, அஞ்சல்வழிக் கல்விக்கு இது பொருந்தாது என்றுதான் இருந்தது. பக்கத்து மேசையில் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் திரும்பி வந்த பெண்கள் எத்தனை பேரோ.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்குகிறாள். அவள் ரெகுலராகக் கல்லூரிக்குப் போனால்தான் அந்தப் பணம்; கரஸ்ஸில் படித்தால் கிடையாது. எனக்கு நேர் எதிர். மகள் காலேஜுக்குப் போகணும், அம்மா போகக் கூடாது! நாளைக்கே வேலை கிடைத்தால் போகக்கூடியவருக்குத்தான் இந்தத் தொகை, அதனால்தான் இந்த விதி என்று புரிகிறது. இருந்தாலும், இந்த வயதில் ஒருத்தி பகலில் வகுப்புக்குப் போனால் அதுவும் வேலைக்காகத்தானே?

ஐடிஐ அக்கா:
நான் பகலில் போனவள், அதனால் எழுதுகிறேன். பத்தாவது பாஸ், 300 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அரசு ஐடிஐயில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டேன். தினமும் வகுப்பு, ஆகவே உதவித்தொகை போச்சு. நானே எழுதிக் கொடுத்து நிறுத்தினேன். சொல்லாமல் இருந்துவிடு என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. பிற்பாடு வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்றால் அவர்களா கட்டுவார்கள்?

ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 300-ஐ விட்டு 750-க்குப் போனதில் கணக்கில் லாபம்தான். ஆனால் இடையில் கை காய்ந்த மாதங்கள் இருந்தன. பழையது நின்ற வேகத்தில் புதியது வந்துவிடவில்லை. சேருகிறவர்கள் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கருப்புக்கோட்டுக் கனவு:
நான் பட்டதாரி, 600 வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று வருட எல்.எல்.பி. ஆசை. சட்டத்தைத் தபாலில் படிக்க முடியாது, ரெகுலர்தான். அதனால் தொகை நின்றது. சரி, படித்து முடித்தபின் மறுபடி கேட்கலாமே என்றால், பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இந்தத் தொகை இல்லை. போனது போனதுதான். கேஸ் கிடைக்காத ஜூனியர் வக்கீலின் வருமானத்தைப் பார்த்தால் இந்த விதியை எழுதியவர் சிரிப்பாரா அழுவாரா தெரியாது. எனக்கு வருத்தமில்லை, தெரிந்தேதான் போனேன்.

சமையல்கட்டு எம்.ஏ.:
எனக்கு வருவது மகளிர் உரிமைத் தொகை 1000 மட்டும். எம்.ஏ. சேர்ந்ததும் தெருவில் இரண்டு பேர் பயமுறுத்தினார்கள். அந்தத் திட்டத்தில் பார்ப்பது 21 வயது ஆகிவிட்டதா, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளா, நிலம் எவ்வளவு, வருடத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் எரிகிறதா என்பது போன்றவை. படிப்பு பற்றிய பேச்சே கிடையாது. பணம் வழக்கம்போல வருகிறது.

தறிவீட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. புதிதாக விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: உதவித்தொகைக்கு அசல் டிசியைக் காட்டச் சொல்வார்கள். படிப்பில் சேரும்போதும் டிசி கேட்கலாம். அதனால் முதலில் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுத்து முடித்துவிட்டு அப்புறம் அட்மிஷனுக்குப் போங்கள். விண்ணப்பம் இலவசம், யாருக்கும் காசு தர வேண்டாம். படிப்பு முடிந்ததும் கூடுதல் தகுதியைப் பதிய மறக்காதீர்கள்; அதற்கு சீனியாரிட்டி பதிந்த நாளிலிருந்துதான், பழைய பிளஸ் டூ பதிவையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரினீவல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஐடிஐ அக்கா, நீங்கள் எந்த டிரேடு எடுத்தீர்கள்? என் நாத்தனார் கேட்கச் சொன்னாள்.