அம்மாவுக்கு யூரின்ல ஒரு மாதிரி வாடை, எதனால?

கம்பம்_செல்வி: நாலஞ்சு நாளா இப்படி. பாத்ரூம் கழுவுனாலும் போக மாட்டேங்குது. யாருக்காவது வந்திருக்கா? சீக்கிரம் சொல்லுங்க, பயமா இருக்கு.

மேட்டுத்தெரு: உடம்புச் சூடுதான். பார்லி கஞ்சி, இளநீர் ரெண்டு நாள் குடுங்க.

லேப்_அண்ணன்: என்ன வாடை? நவச்சார நெடியா, அழுகின வாடையா, பழ வாசமா? வயசு? சுகர் உண்டா? என்ன மாத்திரை? எரிச்சல், காய்ச்சல்? இதெல்லாம் சொல்லாம கேட்டா யாரு என்ன சொல்ல முடியும்?

கம்பம்_செல்வி: 52. சுகர் இருக்கு, எழுத மறந்துட்டேன். வெல்லப்பாகு காய்ச்சின மாதிரி வாடை. வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறாங்க.

தேவாரத்துக்காரன்: வெந்தயம் சாப்பிடுறாங்களா? எங்கப்பா சுகருக்கு ஊறவெச்ச வெந்தயம் மெல்லுவார். வேர்வை, யூரின் ரெண்டுலயும் அதே பாகு வாசம். வெந்தயத்துல இருக்குற சோட்டலோன்ங்கிற வாசப்பொருள்தான் காரணம்.

லேப்_அண்ணன்: வெந்தயம்னு முடிவு கட்டிட்டு உட்காராதீங்க. சுகர்காரங்களுக்கு இனிப்பு வாடைன்னா முதல்ல கீட்டோன் இருக்கான்னு பாக்கணும், இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேர்ற பொருள் அது. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கல் இருந்தா ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரைன்னா சுகர் ரொம்ப ஏறாமலே கீட்டோன் கூடலாம். எத்தனை தடவை எழுதுறது இதை?

குமுளி_ரோடு: அம்மா அடக்குறாங்களான்னு கேளு தங்கச்சி. நானும் 6 வருஷம் ஜீப்ல போனவ. செடி மறைவுல ஒதுங்குனா அட்டை ஏறும், மேல கங்காணி நிப்பாரு. அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்க மாட்டோம். அரை லிட்டர் பாட்டில் பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். எனக்கு நீர்க்கடுப்பு வருஷத்துக்கு மூணு தடவை.

மேட்டுத்தெரு: எல்லாத் தோட்டமும் அப்படி இல்ல. எங்க சொந்தக்காரங்க தோட்டத்துல கக்கூஸ் இருக்கு.

குமுளி_ரோடு: இருக்கும், ஸ்டோர் பக்கத்துல. காய் எடுக்குற சரிவுல இருந்து ஏறி வர அரை மணி நேரம். வேலை நேரத்துல யாரு விடுவா?

மேட்டுத்தெரு: கேட்டா விடுவாங்க.

குமுளி_ரோடு: நீங்க ஒரு நாள் காய் எடுத்துட்டு வந்து பேசுங்க.

லேப்_அண்ணன்: பேச்சு எங்கயோ போகுது. செல்வி, சுகர் இப்பவே குத்திப் பாருங்க. காலையில முதல் யூரின்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றதை லேப் டப்பாவுல பிடிங்க. வீட்டு பாட்டில் வேண்டாம்.

கம்பம்_செல்வி: (ரெண்டு நாள் கழிச்சு) கீட்டோன் இல்ல. யூரின்ல பஸ் செல் (சீழ் செல்) 20-25, கிருமித் தொற்றா இருக்கலாம். எந்தக் கிருமின்னு பாக்க கல்ச்சருக்குக் குடுத்திருக்கு. வெந்தயமும் சாப்பிடுறாங்களாம், இப்பதான் சொல்றாங்க. நன்றி எல்லாருக்கும்.

தேவாரத்துக்காரன்: எப்ப இருந்து? நிறுத்திப் பார்த்தீங்களா?

குமுளி_ரோடு: தொற்றுக்கு மாத்திரை குடுத்தா, அது முடியுற வரைக்கும் தோட்டத்துக்கு விடாதம்மா.