அகிதோவுக்கு அப்படி ஒரு முடிவு தகுமா? (ஃப்ரூட்ஸ் பாஸ்கெட், கடைசி எபிசோடு வரை பேசுகிறோம்)

ஈரக்குடை:

ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் புதிய அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) நேற்று இரவு முடித்தேன். 2019 முதல் 2021 வரை மூன்று சீசன், 63 எபிசோடு. பார்த்து முடிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

பார்த்து நாளானவர்களுக்குக் கதையை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அம்மாவை விபத்தில் பறிகொடுத்த தோரு, சோமா குடும்பத்து நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறாள். ஒரு சாபத்தால் அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டு பேரை ஜப்பானிய ஆண்டுச் சக்கரத்தின் விலங்கு ஆவிகளும், பதின்மூன்றாவதாகக் கியோவைப் பூனையின் ஆவியும் பிடித்திருக்கின்றன. எதிர்பாலினத்தவர் அணைத்தால் விலங்காகிவிடுவார்கள். அவர்கள் எல்லோரையும் 'கடவுள்' என்ற இடத்திலிருந்து ஆட்டிவைப்பது குடும்பத் தலைமையில் இருக்கும் அகிதோ.

எனக்கு மனம் ஆறாதது இந்த அகிதோ விஷயத்தில்தான். இனி வரும் ஹதோரி, யூகி, கிசா, ரின், குரேனோ, ஷிகுரே எல்லோரும் அந்தச் சாபத்தில் சிக்கியவர்கள். ஹதோரியின் ஒரு கண் பார்வை கெட்டது அகிதோவால். சின்னப் பையனாக இருந்த யூகியை இருட்டறையில் அடைத்து, உன்னை யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே உடைத்தது அகிதோ. குழந்தை கிசாவை அடித்ததும், ரின்னை மாடி ஜன்னலிலிருந்து தள்ளியதும், பிறகு அவளைப் பூனைக்கென்று ஒதுக்கிய அறையில் பூட்டிப்போட்டதும் அகிதோதான். குரேனோவின் முதுகில் கத்தி இறங்கியது. இவ்வளவுக்கும் பிறகு தோரு கை நீட்டி 'நண்பர்களாகலாம்' என்கிறாள். சாபம் நீங்குகிறது, அதுவரை ஆணாகவே அறியப்பட்ட அகிதோ பெண்ணுடையில் வந்து எல்லோர் முன்னும் நிற்கிறாள், ஷிகுரேயோடு சேர்கிறாள், குடும்பத் தலைமையும் அவளிடமே இருக்கிறது.

அடிபட்ட பிள்ளைகளின் கணக்கை யார் தீர்த்தார்கள்? 63 எபிசோடு அழுதுகொண்டே பார்த்தவள் நான். கடைசியில் ஏமாற்றப்பட்டது போல இருந்தது.

பூனை ஆண்டு:

ஈரக்குடை, நீங்கள் சொன்ன குற்றங்களில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் தோரு கை நீட்டும் அந்த மலைச்சரிவுக் காட்சியை மன்னிப்பு என்று நீங்கள் படிப்பதை மறுக்கிறேன்.

அந்தக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். தோருவின் அம்மா கியோகோ இறந்த விபத்தைக் கியோ பக்கத்திலிருந்து பார்த்தான். இழுத்துக் காப்பாற்றியிருக்கலாம், ஆனால் இழுத்தால் அவள் மேலே பட்டு எல்லோர் முன்னும் பூனையாகிவிடுவோம் என்று ஒரு கணம் தயங்கினான். அதை அவளிடமே ஒப்புக்கொள்கிறான். தோரு, அம்மா என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு உன்மேல் காதல்தான் என்கிறாள். கியோவால் அதைத் தாங்க முடியவில்லை, வெறுத்துப் பேசிவிட்டு ஓடிவிடுகிறான். அவள் நொறுங்கி நிற்கும்போதுதான் அகிதோ கத்தியோடு வருகிறாள்.

அங்கே தோரு 'பரவாயில்லை, நீ செய்ததெல்லாம் போகட்டும்' என்று சொல்லவே இல்லை. நானும் உன்னைப் போலத்தான் என்கிறாள். ஒருபோதும் மாறாத ஒரு உறவைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே வாழ ஆசைப்பட்டவள் அவள். அகிதோவுக்குச் சாபம், தோருவுக்கு இறந்துபோன அம்மா. கியோவை நேசித்தால் அம்மாவுக்கு இரண்டாம் இடம் வந்துவிடுமே என்ற பயத்தில் ரொம்ப நாளாகத் தன் மனசையே பூட்டிவைத்திருந்தவள். ரின்னிடம் அதைச் சொல்லி அழும் இடம் எனக்கு இந்தத் தொடரிலேயே பெரிய இடம். அதைப் பார்த்த பிறகு அவளைத் தெய்வப் பிறவியாக என்னால் நினைக்க முடியவில்லை. சாபத்தை உடைக்க அவள் கிளம்பியதே கியோவை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான், ஊரை ரட்சிக்க இல்லை.

அகிதோவைத் தோரு அடையாளம் கண்டுகொண்டாள். நான் அங்கே பார்ப்பது அவ்வளவுதான்.

பனையோலை:

நான் பழைய ஆள். 2001-இல் ஸ்டூடியோ டீன் எடுத்த 26 எபிசோடு வடிவம்தான் எனக்கு முதலில் கிடைத்தது, ஒகாசாகி ரித்சுகோ பாடிய தொடக்கப் பாட்டோடு. இன்றைக்கும் மழை நாளில் அந்தப் பாட்டைப் போடுவேன்.

அது வந்தபோது இதன் மூலமான நத்சுகி தகாயாவின் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பாதிகூட வந்திருக்கவில்லை. 1998-இல் தொடங்கியது 2006-இல்தான் முடிந்தது. அதனால் பழைய அனிமேயில் அகிதோ ஆண், சாபம் தீராது, இளம் வயதிலேயே சாக வேண்டிய ஒரு மனிதன். தோரு அவன் முன்னால் போய் நின்று பேசுவதோடு கதை நின்றுவிடும். குறை என்று எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். இந்த விவாதத்தைப் படிக்கும்போது அது ஒரு பலம் என்று தோன்றுகிறது. கல்யாணம், காதல், புது வாழ்வு என்று அகிதோவுக்கு யாரும் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஒருத்தி பயப்படாமல் பேசினாள், அவ்வளவு போதும்.

புதிய வடிவத்தில் எல்லோருக்கும் ஜோடி சேர்த்தாயிற்று. எனக்கு அது கொஞ்சம் திகட்டுகிறது.

பூனை ஆண்டு:

பனையோலை ஐயா, உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் பழைய வடிவம் தகாயாவுக்கே திருப்தி தரவில்லை. புதியதை எடுக்கும்போது அவரே மொத்தத்தையும் மேற்பார்வையிட்டார், குரல் கொடுப்பவர்கள் முதற்கொண்டு ஆட்களை மாற்றச் சொன்னார்.

இன்னொன்று. அகிதோ பெண் என்பது வெறும் திருப்பம் இல்லையே. பெற்ற தாய் ரென், பெண் குழந்தை என்றால் தன் கணவனின் அன்பில் பங்குக்கு வந்துவிடும் என்று, அவளை ஆணாக வளர்க்க வைத்தாள். அப்பா போன பிறகு அவருடைய ஆவி இருக்கிறது என்று நம்பி அந்தக் குழந்தை ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தது. பெட்டி காலி. இதை எடுத்துவிட்டால் அகிதோ வெறும் வில்லன்தான்.

சுக்குக்காப்பி:

அகிதோவின் குழந்தைப் பருவத்தைப் பற்றி யாராவது எழுத ஆரம்பித்தாலே எனக்குப் படபடப்பாகிவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கை நீளும். அதிலும் வீட்டில் யார் சின்னப் பிள்ளையோ அவர்கள் மேல்தான் நீளும். அவருக்கு வயதாகி உடம்பு முடியாமல் படுத்தபோது, எல்லோரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவரும் சின்ன வயதில் ரொம்பக் கஷ்டப்பட்டவர்தான், போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா என்றார்கள். அவர் கஷ்டப்பட்டது உண்மை, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மையை என் கையில் கொடுத்து என்னைத் தூக்கிச் சுமக்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. இன்றுவரை சில வீடுகளில் எனக்கு அழைப்பில்லை.

ரின்னைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டியது அதனால்தான். அவளைப் பெற்றவர்களே, நீங்கள் ஏன் சந்தோஷமாக இருப்பதாக நடிக்கிறீர்கள் என்று அவள் கேட்ட ஒரே கேள்விக்காகக் கைவிட்டவர்கள். பிறகு அகிதோ. அந்த இருட்டறையில் முடி வெட்டப்பட்டுச் சுருண்டு கிடந்தவளை நான் மறக்கப்போவதில்லை. ஈரக்குடை கேட்பது சரியான கேள்வி. தோருவுக்கு அகிதோவோடு ஒற்றுமை தெரியலாம். ரின்னுக்கு ஏன் தெரிய வேண்டும்?

பூனை ஆண்டு:

சுக்குக்காப்பி, இதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் போகாதது சரி.

ரின்னுக்குத் தெரிய வேண்டும் என்று தொடரும் கேட்கவில்லை என்பதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. ரின் அகிதோவை மன்னித்துக் கட்டிக்கொள்ளும் காட்சி எங்குமே கிடையாது. மற்றவர்கள் மனம் மாறினால் நீயும் மாறு என்று அவளை யாரும் இழுக்கவும் இல்லை, அவளை நேசிக்கும் ஹரு அவள் பக்கத்தில் இருக்கிறான், அவ்வளவுதான். கியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற அப்பாவைக் கடைசியாக ஒருமுறை போய்ப் பார்க்கிறான். அந்த மனிதர் கத்துகிறார், சபிக்கிறார். கியோ பணிந்து ஆசி வாங்கவில்லை. வெளி உலகத்தில் வாழப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறான். மோமிஜிக்குச் சாபம் மற்ற பலருக்கு முன்பே விட்டுப்போகிறது. போகாதே என்று அகிதோ கெஞ்சுகிறாள். அவன் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை, தன் சந்தோஷத்தைத் தேடி நடந்துவிடுகிறான். பெற்ற தாயின் நினைவிலிருந்தே அழிக்கப்பட்ட பையன் அவன். இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, தோரு கை நீட்டியதை மட்டும் தொடரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

ஈரக்குடை:

மோமிஜியை நான் மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காட்சி எனக்கும் பிடித்தது.

ஆனால் தலைமை? அதற்குப் பதில் சொல்லுங்கள். அடிபட்டவர்கள் போகலாம், சரி. அடித்தவள் ஏன் அதே வீட்டில் அதே நாற்காலியில் இருக்க வேண்டும்? அப்புறம் ஷிகுரே. அவன் அகிதோவை அடைவதற்காக எல்லோரையும், தோருவையும் சேர்த்து, காய்களாக நகர்த்தினவன். அகிதோ குரேனோவிடம் போனாள் என்று ஆத்திரப்பட்டு அவளுடைய அம்மாவோடே படுத்தவன். இதற்குக் காதல் என்று பெயர் வைத்து அழகான பின்னணி இசையும் போடுகிறார்கள்.

பனையோலை:

ஷிகுரே விஷயத்தில் ஈரக்குடை பக்கம் நான். 2001-இல் அவன் வெறும் குறும்புக்கார எழுத்தாளன், எனக்கு அவனைப் பிடிக்கும். புதியதில் அவன் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நடுங்கியது.

மூன்றாம்மாடி:

இரண்டு தரப்பும் அகிதோவையே பேசுகிறீர்கள், ஆனால் பாதிக் குறைக்குக் காரணம் நேரம் போதாதது. முதல் சீசன் 25, இரண்டாவது 25, மூன்றாவது வெறும் 13. அந்தப் பதின்மூன்றுக்குள்தான் அகிதோ உடைவது, கியோவின் ஒப்புதல், தோரு மலைச்சரிவிலிருந்து விழுவது, சாபம் நீங்குவது, எல்லோருக்கும் விடைபெறல் என்று அத்தனையும். குற்றத்துக்கு 50 எபிசோடு, மனமாற்றத்துக்கு நாலைந்து என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? மங்காவில் அகிதோ தடுமாறும் இடங்கள் அதிகம், மாற்றம் மெதுவாக வருகிறது. குரேனோவும் தோருவின் தோழி உவோதானியும் சந்திக்கும் பகுதிகூட அனிமேயில் ஓடிவிடுகிறது.

தோருவின் பெற்றோர் கதையையும் வெளியே எடுத்து 2022-இல் தனிப்படமாக விட்டார்கள். அதிலும் தொடக்கம் முழுக்கப் பழைய காட்சிகளின் சுருக்கம். பயிற்சி ஆசிரியராக வந்த கத்சுயாவுக்கும் நடுநிலைப் பள்ளி மாணவி கியோகோவுக்கும் இடையில் வரும் காதலை என்னால் ரசிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பூனை ஆண்டு:

கத்சுயா பற்றி நானும் அதேதான். அவர் நல்லவராகக் காட்டப்படுகிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஈரக்குடையின் நாற்காலிக் கேள்விக்கு வருகிறேன். விருந்துக் கதை நினைவிருக்கிறதா? எலி ஏமாற்றியதால் பூனை கடவுளின் விருந்தைத் தவறவிட்டது என்று தோருவுக்கு அம்மா சொன்ன கதை. அதைக் கேட்டு அழுதுதான் அவள், நான் பூனை ஆண்டில் பிறந்தவளாக இருக்கிறேன் என்றாள், என் பெயரும் அங்கிருந்து எடுத்ததுதான். கடைசியில் வரும் உண்மைக் கதை வேறு. தனியாக இருந்த கடவுளிடம் முதலில் வந்தது பூனை. முதலில் சாகப்போனதும் பூனை. முடிவில்லாத பந்தம் வேண்டாம் என்று சொன்னதும் அதுதான். அதற்காகத்தான் மற்ற விலங்குகள் அதைத் துரோகி என்று ஒதுக்கின.

சோமா வீட்டின் நோயே, யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான். அகிதோ மறைந்துவிட்டாலோ துரத்தப்பட்டாலோ அந்த வீடும், அதன் வேலைக்காரர்களும், பூனைக்கென்று கட்டிய அறையும் அப்படியே இருக்கும். ரென்னோ, அந்தப் பழைய பணிப்பெண்களோ வேறொரு குழந்தையைப் பிடித்துக்கொள்வார்கள். சாபத்தின் ஆள்பலம் எதுவும் இல்லாமல் அந்த வீட்டைக் கலைக்கும் வேலையை அவளே செய்ய வேண்டும். நான் அதைப் பரிசாகப் பார்க்கவில்லை.

சுக்குக்காப்பி:

இது நல்ல வாசிப்பு. ஆனால் அவள் அந்த வேலையைச் செய்வதை நாம் பார்க்கவில்லையே. காதலைப் பார்த்தோம், புது உடுப்பைப் பார்த்தோம். அந்த அறையை இடிப்பதை ஒரு நிமிடம் காட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன். கியோகோ சாகும்போது கியோவைப் பார்த்து 'மன்னிக்க மாட்டேன்' என்கிறாள். அந்தப் பையன் அந்த ஒரு சொல்லோடு வருடக்கணக்கில் செத்துச் செத்துப் பிழைக்கிறான். அவள் சொல்ல வந்தது, தோருவைப் பார்த்துக்கொள்வதாகத் தந்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் மன்னிக்க மாட்டேன் என்று. பாதி வாக்கியம் வாயிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்த அன்று தொடரை நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்தேன். மன்னிப்பைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர், அகிதோவிடம் மட்டும் ஏன் அவசரப்பட்டார் என்பதுதான் என் வருத்தம்.

ஈரக்குடை:

'மன்னிக்க மாட்டேன்' காட்சியை நான் இந்த விவாதத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கவே இல்லை. அது அங்கேயும் இங்கேயும் ஒரே சொல்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அகிதோ தலைமையில் தொடர்வது எனக்கு இன்னும் ஒப்பவில்லை, பூனை ஆண்டு. அறையை இடித்துக் காட்டவில்லை என்று சுக்குக்காப்பி சொன்னதோடு நான் நிற்கிறேன். மூன்றாம்மாடி சொன்னது போல மங்காவில் மாற்றம் மெதுவாக வருகிறதா என்று பார்க்கப் போகிறேன். மொத்தம் 23 தொகுதி, ஆங்கிலத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து 12 புத்தகமாகக் கிடைக்கிறது. கடைசி மூன்றை முதலில் வாங்குகிறேன். ரின் வரும் பக்கங்களைப் படித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

பூனை ஆண்டு:

எழுதுங்கள். நானும் மூன்றாம் சீசனை மறுபடி போடுகிறேன், இந்த முறை ரின்னை மட்டும் பார்த்துக்கொண்டு.